பாஸ்க் நாட்டில் காசு கரைவது பஸ்ஸில் அல்ல

ஸ்பெயின் பயணத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வடக்கே இருக்கும் பாஸ்க் பகுதியையும் சேர்க்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பட்டியலோடுதான் வருவார்கள்: பில்பாவில் ஒரு ராத்திரி, சான் செபாஸ்டியனில் இரண்டு, விட்டோரியாவில் ஒன்று, சுற்றிப் பார்க்க ஒரு வாடகைக் கார். அதில் முதலில் நான் கோடு போட்டு அடிப்பது காரை. அடுத்தது, ஊருக்கு ஊர் பெட்டியைத் தூக்கும் யோசனையை.

பில்பாவிலிருந்து சான் செபாஸ்டியன் சுமார் 100 கிலோமீட்டர். விட்டோரியா அதைவிடப் பக்கம். இரண்டுக்குமே நெடுஞ்சாலை பஸ்ஸில் ஒரு மணி நேரமோ, கொஞ்சம் கூடுதலோதான். ஆனால் அறை வாடகையில் சான் செபாஸ்டியன் ஸ்பெயினிலேயே விலை கூடிய ஊர்களில் ஒன்று. ஆகஸ்டிலும், செப்டம்பர் திரைப்பட விழாவின்போதும் கேட்கவே வேண்டாம். அதனால் பில்பாவில் தங்கிக்கொண்டு, காலையில் கிளம்பி இரவு திரும்புவதுதான் கட்டுப்படியாகும். பில்பாவின் பெரிய திருவிழா வாரமும் ஆகஸ்டில்தான். பில்பாவில் தங்க ஜூன் முற்பாதியோ செப்டம்பர் கடைசியோ பாருங்கள். மழைக்கோட்டு மட்டும் எந்த மாதத்திலும் வேண்டும்.

‘ஐரோப்பா என்றால் ரயில்’ என்ற எண்ணம் இங்கே அவ்வளவாக ஒத்துவராது. பில்பாவுக்கும் சான் செபாஸ்டியனுக்கும் இடையே ஓடும் யூஸ்கோட்ரென் மீட்டர் கேஜ் வண்டி. ஊர் ஊராக நின்று போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட்டில் மிச்சமாவது சொற்பம், போவது அரை நாள். பில்பாவிலிருந்து விட்டோரியாவுக்கு ரயில் என்றால் மிராண்டா பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டுக்கும் பஸ்தான் சரி. ஆனால் கெர்னிகாவுக்கு யூஸ்கோட்ரெனிலேயே போங்கள். பில்பாவின் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குக் கோடை தவிர மற்ற நாட்களில் திங்கட்கிழமை விடுமுறை. கெர்னிகாவில் அன்றைக்குத்தான் சந்தை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1937 ஏப்ரல் 26 அன்று, இந்த ஊர்மீது குண்டு விழுந்ததும் ஒரு சந்தை நாளில்தான்.

பஸ் நிலையப் பலகையில் ஊருக்கு இரண்டு பெயர் இருக்கும். ‘டொனோஸ்டியா’ என்று போட்டிருந்தால் அது சான் செபாஸ்டியன், ‘காஸ்டெய்ஸ்’ என்றால் விட்டோரியா. தெரியாமல் கண்ணெதிரே பஸ்ஸை விட்டவர்கள் உண்டு.

பில்பாவில் வந்து இறங்கியதும், பயணக் கட்டணத்துக்கான பாரிக் கார்டு வாங்குங்கள். கார்டுக்கு 3 யூரோ, மேற்கொண்டு பணம் ஏற்றிக்கொள்ளலாம். ஒற்றை டிக்கெட்டைவிடக் கட்டணம் நன்றாகக் குறையும். மெட்ரோ, டிராம், டவுன் பஸ், ஆர்ட்சாந்தா மலைக்கு ஏறும் ஃபுனிகுலர் (கம்பி இழுக்கும் ரயில்) எல்லாவற்றிலும் செல்லும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கார்டு போதும். ஆளுக்கு ஒருமுறை தட்ட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் வெளியே வரும்போது. மெட்ரோவில் கட்டணம் மண்டலக் கணக்கு என்பதால் வெளியேறும்போதும் தட்டினால்தான் கதவு திறக்கும். அப்பா கார்டைத் தட்டிவிட்டு விறுவிறுவென்று படியேறிவிடுவார். அம்மாவும் பிள்ளைகளும் உள்ளேயே நிற்பார்கள். கார்டு வைத்திருப்பவர் கடைசியாக வெளியே வரட்டும்.

அதே கார்டோடு மெட்ரோவில் அரேட்டா வரை போய், ஆற்றங்கரைக்கு நடந்து வாருங்கள். 1893-இல் கட்டிய பிஸ்காயா பாலம் அங்கே நிற்கிறது. கப்பல் போக வழிவிட்டு, 45 மீட்டர் உயரத்தில் இரும்பு உத்தரம். அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு தொட்டில், கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குச் சற்று மேலே மிதந்தாற்போல் அக்கரைக்குப் போகிறது. உலகில் இந்த வகையில் முதல் பாலம், 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் உண்டு. ஆளுக்கு ஒரு யூரோகூட ஆகாது. மேலே நடந்து போகும் பாதைக்குத் தனி டிக்கெட், அது விலை அதிகம். என்னைக் கேட்டால் தொட்டிலே போதும். அக்கரையில் போர்ச்சுகலேத்தேயில் இறங்கி அங்கிருந்தே மெட்ரோ பிடித்துத் திரும்பலாம்.

சான் செபாஸ்டியனில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குக் காசே இல்லை: கொன்சா கடற்கரை, ஊர்குல் குன்று, கடலோரப் பாறையில் சிற்பி சில்லிதா பதித்த இரும்புச் சிற்பங்கள். பணம் போவது பின்ச்சோ என்கிற சிறு தின்பண்டக் கடைகளில். ஒவ்வொன்றும் சில யூரோதானே என்று தட்டில் எடுத்துக்கொண்டே போனால், ராத்திரி பில் நல்ல ஓட்டல் சாப்பாட்டைத் தாண்டிவிடும். வார நாட்களில் மதியம் ‘மெனு டெல் டியா’ என்கிற ஒரே விலைச் சாப்பாடு சாப்பிடுங்கள். வயிறு நிறைந்துவிடும், இரவுக்கு இரண்டு பின்ச்சோ போதும். சைவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஹாம் என்கிற பன்றி இறைச்சியும் டூனா மீனும் பலருக்கு அந்தக் கணக்கில் வருவதில்லை. பெயர் சொல்லி மறுங்கள். எண்ணெயில் வதக்கி உப்புத் தூவிய கெர்னிகா மிளகாயை நம்பிக் கேட்கலாம்.

சான் செபாஸ்டியனிலிருந்து ‘டோப்போ’ ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் பிரான்ஸின் ஹெண்டாயா வந்துவிடும். ஒருமுறை நுழைவு விசாதானே என்று பயப்பட வேண்டாம், இரண்டு நாடும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதிதான். ஆனால் எல்லையில் பிரெஞ்சுப் போலீஸ் சோதிப்பது உண்டு. போனில் இருக்கும் நகலைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காமல் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை சான் செபாஸ்டியன் போனால் திரும்பும் பஸ்ஸுக்குக் காலையிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். வாரக்கடைசிக் கூட்டம் ஊர் திரும்பும் மாலை அது.