டவர் லைன் நம் காட்டின் மேல் போனால்

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கம் போனால் காற்று ஆளையே தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அது. வடக்கே செங்கோட்டைக் கணவாய்க் காற்று சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு வரை வீசுகிறது. இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு இதுதான் காரணம். இப்போது சோலாரும் சேர்ந்துகொண்டது.

காற்றாலைக்கோ சோலாருக்கோ நிலம் கொடுப்பவர் விலையோ குத்தகையோ பேசித்தான் கொடுக்கிறார். அந்த மின்சாரத்தைத் துணை மின்நிலையத்துக்குக் கொண்டுபோகும் டவர் லைன், யாரோடும் எதுவும் பேசாத இன்னொருவர் காட்டின் (விளைநிலத்தின்) மேல் போகிறது. காற்றாலை, சோலார் திட்டங்கள் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வராததால், அந்தச் சட்டப்படியான கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. அளவுக்கல் நட்ட பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. எங்கள் சித்தப்பாவுக்கும் அப்படித்தான். வெட்டிய பனைகளை எண்ணி எழுதி வைக்காததால், அவற்றுக்கான பணம் அவர் கைக்கு வரவே இல்லை.

முதலில் ஒன்று: நிலம் உங்களுடையதுதான், பட்டா மாறாது. டவருக்காக நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுக்கிறார்கள். கம்பிக்குக் கீழே உளுந்து, கடலை போடலாம். ஆனால் வீடு கட்ட முடியாது, பனை, தென்னை போல ஓங்கி வளரும் மரம் வைக்க முடியாது.

இந்த இழப்புக்கு மத்திய மின் அமைச்சகம் 2015-ல் வழிகாட்டு நெறி கொண்டுவந்தது. அதில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதைத் திருத்தி, டவர் இடத்துக்கு 200 சதவீதம், கம்பிப் பாதைக்கு 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். டவரின் நான்கு கால்களுக்கு உள்ளே இருக்கும் இடத்தோடு, ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்ட் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டவருக்கு இரண்டரை சென்ட் போனால் அதன் மதிப்பு 25,000, உங்களுக்கு 50,000. கம்பிப் பாதையில் 40 சென்ட் வந்தால் அதன் மதிப்பு 4 லட்சம்; உங்களுக்கு 1,20,000. பயிருக்கும் மரத்துக்கும் உள்ள இழப்பீடு இதில் சேராது, அது தனி. ஆகவே வேலை தொடங்கும் முன்பே முருங்கை, எலுமிச்சை, பனை எல்லாம் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். தேதி தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வையுங்கள்.

இங்கே இரண்டு விஷயத்தில் ஏமாறக் கூடாது. இந்த நெறி 66 கேவி (கிலோவோல்ட்), அதற்கு மேற்பட்ட டவர் லைன்களுக்குத்தான். காற்றாலையிலிருந்து வரும் 33 கேவி கம்பத்துக்குப் பொருந்தாது. அதற்கான தொகையை முதலில் நீங்களே பேசிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, இதை மாநிலங்கள் ஏற்று உத்தரவு போட்டு நடைமுறைப்படுத்த வேண்டும். அதனால் எந்த உத்தரவின்படி, எந்த மதிப்பை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. லைன் போட வருகிறவரிடம், மின்சாரச் சட்டம் 2003-ன் 164-ஆம் பிரிவின் கீழ் உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த உத்தரவு இருந்தால் உங்கள் சம்மதம் இல்லாமலே லைன் போட முடியும். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு போடலாம். அந்த உத்தரவு இல்லாத உரிமதாரர் (மின் உரிமம் பெற்ற நிறுவனம்) என்றால், உரிமதாரர்கள் செய்யும் பணிகளுக்கான 2006 விதிகளின்படி உங்கள் முன் சம்மதம் வாங்க வேண்டும். நீங்கள் மறுத்தால், ஆட்சியரோ அதற்கென்று நியமித்த அதிகாரியோதான் முடிவு செய்வார். "எல்லாம் கவர்மெண்ட் வேலை, கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி" என்று யாராவது வந்து நின்றால், அந்த உத்தரவின் நகலைப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். குத்தகை பேச வந்தவர் பவர் பத்திரம் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கேட்டால், வக்கீலிடம் காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

லைன் எந்தப் பக்கம் வரப்போகிறது என்பதைக் கிராமசபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.