555 நோட்டு மூளைக்குச் செய்யும் வேலை

பினாங்கு ஆயர் ஈத்தாமில் நாங்கள் சாமான் வாங்கிய மளிகைக்கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணி வரிசை இருந்தது. ஒவ்வோர் ஆணியிலும் நூல் கோத்த 555 நோட்டு ஒன்று தொங்கும். உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய நோட்டு. அட்டையில் பெரிதாக 555. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 'தீகா லீமா' (மலாயில் 'மூன்று ஐந்து') என்றாலே கடன் கணக்குதான். அம்மா சீனியும் மைலோவும் வாங்கினால், கடைக்கார ஐயா தேதியைப் போட்டு, பொருளை எழுதி, வெள்ளி (ரிங்கிட்) கணக்கை எழுதி, நோட்டைத் திருப்பி அம்மாவிடம் காட்டுவார். சம்பளம் வந்து பணம் கட்டியதும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அம்மா கடையை விட்டுக் கிளம்புவார்.

அந்த ஐயாவிடம் ஒரு விந்தை இருந்தது. யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்று கேட்டால், ஆணிப் பக்கம் திரும்பாமலே சொல்லிவிடுவார். போன மாதம் தீர்ந்துபோன கணக்கைக் கேட்டாலோ, "நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், தம்பி" என்பார்.

பல ஆண்டுகள் கழித்து உளவியல் நூல்களைப் புரட்டியபோது, இதே விந்தையை 1920களில் பெர்லினில் ஒருவர் கவனித்த கதை கிடைத்தது. குர்ட் லெவின் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்களோடு ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தாராம். பரிமாறுபவர் எதையும் எழுதாமல் எல்லாருடைய கணக்கையும் நினைவில் வைத்திருந்தார். பணம் வாங்கிய சிறிது நேரத்தில் அதே கணக்கைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. லெவினின் மாணவி புளூமா செய்கார்னிக் இதைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஆட்களுக்குச் சிறுசிறு வேலைகளைக் கொடுத்து, பாதியை முடிக்க விட்டார்; மீதியை நடுவில் நிறுத்தினார். நிறுத்தப்பட்ட வேலைகளே ஏறக்குறைய இரு மடங்கு நினைவில் நின்றன என்று 1927-இல் எழுதினார்.

இந்த முடிவு பாடநூல்களில் பலகாலமாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பின்னால் அதே சோதனையைச் செய்தவர்கள் பலருக்கு அந்த இரு மடங்கு கிடைக்கவில்லை; எனவே அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. உறுதியாக நின்றது வேறொன்று. லெவினின் இன்னொரு மாணவி மரியா ஒவ்சியான்கினா 1928-இல் காட்டியது அது: பாதியில் விட்ட வேலையை யாரும் சொல்லாமலே மீண்டும் கையில் எடுக்க மனம் துடிக்கிறது. முடியாத வேலை மனத்துக்குள் ஒரு இழுவிசையாக இருக்கிறது. நோட்டுப் புத்தகம் வேலை செய்யும் விதத்தை அறிய இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கும் என் அக்காவை எடுத்துக்கொள்வோம். பாலத்தைக் கடக்கும் தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்குள் இருப்பவை: இரவு ஷிப்டின் குறைபாட்டு அறிக்கை, மகனின் பள்ளிப் படிவம், அத்தையின் மருத்துவமனைத் தேதி, தண்ணீர்க் கட்டணம், தீர்ந்துபோன கேஸ். ஐந்து. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தக்கூடியவை ஏழு, கூட இரண்டோ குறைய இரண்டோ என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் சான்றுகளை மறுபடி அலசி, உண்மையான அளவு நான்கின் அருகில்தான் என்று வாதிட்டார். அக்கா பஸ் ஏறும்போதே இடம் நிரம்பிவிட்டது. போதாக்குறைக்கு, நினைவுக்கு நேரம் காலம் தெரியாது. தண்ணீர்க் கட்டணம் அவருக்கு நினைவுக்கு வருவது எந்திரத்தின் முன் கையுறையோடு நிற்கும்போது. வீட்டில் பில் கண்ணெதிரே கிடக்கும்போது வராது.

இந்த இழுவிசையைத் தணிக்க வேலையை முடித்தே தீர வேண்டுமா? மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டுகிறது. முடியாத காரியத்தை நினைவூட்டிவிட்டு ஆட்களிடம் படிக்கக் கொடுத்தால், அந்தக் காரியம் நடுநடுவே தலைநீட்டிப் படிப்பைக் குலைத்தது. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமாக முடிவு செய்ய வைத்தபோது அந்தத் தொல்லை அடங்கியது. காரியம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. முடிவு மட்டும்தான் எடுக்கப்பட்டிருந்தது. எனக்கு இதைவிட ஆறுதலான கண்டுபிடிப்பு உளவியலில் குறைவு.

திட்டம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே இதில் உயிர்நாடி. அக்காவின் நோட்டு ஏ5 அளவு, அதாவது 148-க்கு 210 மில்லிமீட்டர், கைப்பையில் நிற்கும். இடப் பக்கம் தொழிற்சாலை, வலப் பக்கம் வீடு. எந்தப் பக்கம் திறந்தாலும் மேலே ஒரு பிள்ளையார் சுழி. முன்பெல்லாம் அதன் கீழே 'அத்தை ஆஸ்பத்திரி' என்று இரண்டு சொல் இருக்கும். இப்போது இருப்பது: 'செவ்வாய் காலை 7.45, அத்தை வீட்டு வாசல். திங்கள் இரவு சாப்பிட்டதும் மருந்துப் பையும் சந்திப்பு அட்டையும் காலணி அலமாரி மேல்.' முதல் வடிவம் கவலையைக் காகிதத்துக்கு மாற்றியது, அவ்வளவே. இரண்டாவதில் காலம், இடம், முதல் அசைவு மூன்றும் இருக்கின்றன.

'இது நடக்கும்போது இதைச் செய்வேன்' என்று எழுதும் இந்த முறையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமே 'செய்ய வேண்டும்' என்று நினைத்தவர்களைவிட இப்படி முடிச்சுப் போட்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகச் செய்து முடித்தார்கள். 'திங்கள் இரவு சாப்பிட்டதும்' என்ற சொற்கள் சாப்பாட்டையே நினைவூட்டும் மணியாக மாற்றுகின்றன. தட்டைக் கழுவும்போது மருந்துப் பை தானாக மனத்தில் எழும்.

நம் பாட்டிமார் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டதும் இதே அறிவுதான். எதிர்காலத்தில் செய்ய வேண்டியதை நினைவில் வைப்பதை ஐன்ஸ்டைன் (இயற்பியலாளர் அல்லர், கில்ஸ் ஐன்ஸ்டைன்), மெக்டேனியல் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1990-இல் இரண்டாகப் பிரித்தார்கள்: ஏதோ ஒன்றைக் கண்டதும் நினைவு வருவது, குறிப்பிட்ட நேரத்தில் நினைவு வருவது. முடிச்சு முதல் வகை. கை பட்டதும் 'ஏதோ இருக்கிறது' என்று சொல்லும், என்னவென்று சொல்லாது. நோட்டு அந்த 'என்ன'வைச் சொல்கிறது. ஆனால் இரண்டாம் வகைக்குக் காகிதம் ஊமை. பிற்பகல் 3.10-க்கு மூடிய நோட்டு குரல் கொடுக்காது. அதற்குக் கைப்பேசி அலாரம்தான் சரி; அதைக் கைப்பேசிக்கே விட்டுவிடலாம்.

இனி தூக்கம். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 இளைஞர்களை உறக்கச் சோதனைக்கூடத்தில் படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் பாதிப் பேர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். மீதிப் பேர் அண்மையில் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். மூளை அலைகளைப் பதிந்து பார்த்ததில், வரப்போகும் வேலையை எழுதியவர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு விரிவாகவும் திட்டமாகவும் இருந்ததோ அவ்வளவு விரைவில் உறக்கம் வந்தது. 2018-இல் வந்த ஆய்வு. சிறியது, அதுவும் நலமான இளைஞர்களிடம் செய்தது. தூக்கமின்மை நோய்க்கு இதை மருந்தாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மல்லாந்து படுத்துக்கொண்டு நாளைய பட்டியலைத் தலைக்குள் ஓட்டிப் பார்க்கும் எவருக்கும் ஐந்து நிமிடம் பெரிய விலை இல்லை.

இவ்வளவையும் கைப்பேசியிலேயே எழுதலாமே, காகிதம் எதற்கு? டோக்கியோ பல்கலைக்கழகத்தில் குனியோஷி சக்காய் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. ஏனென்றால் அவர்கள் எழுதச் சொன்னதே நாள்காட்டிக் குறிப்புகளைத்தான். 18 முதல் 29 வயதுள்ள 48 பேர். ஓர் உரையாடலில் வரும் வகுப்பு நேரங்கள், பணிகளின் கடைசி நாட்கள், தனிப்பட்ட சந்திப்புகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிலருக்குக் காகித டைரியும் பேனாவும், சிலருக்கு டேப்லட்டும் அதற்கான பேனாவும், சிலருக்குக் கைப்பேசி. காகிதக்காரர்கள் ஏறக்குறைய 11 நிமிடத்தில் முடித்தார்கள். டேப்லட்டுக்கு 14, கைப்பேசிக்கு 16. ஒரு மணி நேரம் கழித்து, ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, எந்தச் சந்திப்பு எப்போது என்று கேட்டார்கள். காகிதத்தில் எழுதியவர்களுக்கு மொழி, மனக்காட்சி ஆகியவற்றுக்குரிய பகுதிகளிலும் ஹிப்போகேம்பஸிலும் செயல்பாடு கூடுதலாக இருந்தது.

ஹிப்போகேம்பஸ் மூளைக்குள் நினைவுகளைப் பதியும் உறுப்பு. இடத்தை அறியும் உறுப்பும் அதுவே. நாம் நிற்கும் இடத்துக்கேற்பத் துடிக்கும் நரம்பணுக்களை அதில் 1971-இல் அறிவித்தவர்களில் ஒருவரான ஜான் ஓகீஃப் 2014-இல் நோபல் பரிசு பெற்றார். காகிதப் பக்கம் ஓர் இடம். அத்தையின் தேதி வலப் பக்கத்தின் அடியில், தே தாரேக் (பால் தேநீர்) கறைக்குச் சற்று மேலே, அவசரத்தில் சாய்ந்துபோன எழுத்தில் இருக்கிறது. அது நாளையும் அங்கேயே இருக்கும். திரையில் அந்த வரி மேலே நகரும், கீழே நகரும், செயலியை மூடினால் மறையும். எல்லா வரிக்கும் ஒரே எழுத்துரு. காகிதத்துக்கு வலிமை தருவது இந்த மாறாத, சீரற்ற அடையாளங்களே என்பது சக்காய் குழுவினரின் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கையின் பங்கையும் சொல்ல வேண்டும். நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் ஆட்ரி வான் டெர் மேர் 36 மாணவர்களின் தலையில் 256 மின்முனைகள் கொண்ட வலையை மாட்டி, எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் மூளையைப் பதிந்தார். கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு மிகுதியாக இருந்ததாக 2024-இல் வெளியிட்டார். ஆனால் அந்த மாணவர்கள் எழுதியது தொடுதிரையில், டிஜிட்டல் பேனாவால். எனவே அந்தப் பெருமை கைக்கு உரியது, காகிதத்துக்கு அல்ல. அவர் அளந்ததும் தொடர்பைத்தான். யார் எவ்வளவு நினைவில் வைத்தார்கள் என்பதை அளக்கவில்லை. காகிதத்தின் பக்கம் நிற்கிற நமக்கு இந்த நேர்மை அவசியம்.

இத்தனையும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: நோட்டு திறக்கப்பட வேண்டும். எழுதியதை நாம் பார்ப்போம் என்ற நம்பிக்கை மனத்துக்கு இருந்தால்தான் அது பிடியைத் தளர்த்தும். ஜனவரியில் தோல் அட்டை டைரி வாங்கி, மார்ச்சில் அதை மேசை அடியில் போட்டவர்களுக்கு எழுதுவது பயன் தராமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஜார்ஜ்டவுன் லெபோ பினாங்கு கிட்டங்கிகளில் (தொழில் கூடங்களில்) வட்டித் தொழில் நடத்திய செட்டியார்கள் சிட்டையில் (அன்றாடக் குறிப்பில்) எழுதியதைப் பேரேட்டில் ஏற்றாமல் விடமாட்டார்கள். அந்த ஏற்றும் வேளைதான் கணக்கை உயிரோடு வைத்தது. அக்காவுக்கு அது இரவு 9.30. முடிந்ததன்மேல் கோடு, முடியாததை மறுநாள் பக்கத்துக்குக் கையால் மறுபடி எழுதுவார். நான்காம் முறை ஒரே வரியை எழுதும்போது, அந்த வேலை உண்மையில் வேண்டுமா என்று கையே கேட்கும் என்பார் அவர். செயலியில் அந்த வரி தானாகவே நகர்ந்துவிடும்; கை கேட்க வாய்ப்பில்லை.

பழைய பக்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. 1994-இல் ரோஜர் பியூலர் குழுவினர் 37 மாணவர்களிடம், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி கணிப்பு 33.9 நாள், பிடித்தது 55.5 நாள். எல்லாம் கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோதுகூட அவர்கள் சொன்னது 48.6 நாள்தான். வரப்போகும் வேலையைக் கற்பனை செய்யும்போது கடந்த காலத்தை நாம் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. கடந்த காலம் கையெழுத்தில் எதிரே கிடந்தால் தட்டிக்கழிப்பது கடினம்.

அக்காவின் போன ஆண்டு நோட்டில் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமைப் பக்கத்தில் 'முறுக்கு, 2 மணி நேரம்' என்று நீல மையில் இருக்கிறது. அதன் அருகே அன்றிரவே சிவப்பில் எழுதியது: 'ஐந்தரை. மாவு இரண்டு முறை பிசைந்தோம். எண்ணெய் வாங்க ஓடினேன்.' இந்த ஆண்டு நோட்டில் அதே பக்கத்தைத் திறந்து, பழையதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினார்: 'சனி மாலை 3 முதல் 8.30 வரை முறுக்கு. எண்ணெய் வெள்ளிக்கிழமை.'