மாத்திரைக்கு முன்னால் காதைப் பாருங்கள்

போன ஜூலையில் ஓர் அம்மா ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் பள்ளி டைரி. வகுப்பில் கவனிப்பதில்லை, சொன்னதைச் செய்வதில்லை, ஓர் இடத்தில் உட்காருவதில்லை, ஏடிஎச்டியா (கவனக் குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் உள்ள பிரச்சினை) என்று பார்க்கவும் என எழுதியிருந்தது. "மாத்திரை கொடுத்தா சரியாயிடுமா டாக்டர்?" என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

பையன் என் மேசையில் இருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்தே இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. குரலை உயர்த்தியதும் சட்டென்று திரும்பிச் சிரித்தான்.

"ராத்திரி குறட்டை விடுவானாம்மா?"

"ஆமா டாக்டர், அவங்க அப்பா மாதிரியே. சளியும் விடவே மாட்டேங்குது."

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தபோது இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கி மூச்சுப் பாதையை அடைத்திருந்தது, அதனால் தூக்கமும் கெட்டிருந்தது. பாடத்தில் பாதி அவன் காதில் விழவே இல்லை. தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் சோர்ந்து விழுவார்கள்; பல பிள்ளைகளோ இன்னும் கூடுதலாகத் துள்ளுவார்கள்.

ஏடிஎச்டி உண்மையான பிரச்சினைதான். அதற்குக் கொடுக்கும் மீத்தைல்ஃபெனிடேட் என்ற மருந்து பல பிள்ளைகளுக்கு நன்றாகவே உதவுகிறது, நானும் எழுதிக் கொடுக்கிறேன். ஏற்கெனவே சாப்பிடுகிற பிள்ளைக்கு இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பசியையும் தூக்கத்தையும் குறைக்கக்கூடிய மருந்தை டைரிக் குறிப்பு ஒன்றை நம்பித் தொடங்க முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் என்றால் நான் முதலில் வகுப்பைப் பற்றித்தான் விசாரிப்பேன்.

பிறந்த மாதத்தையும் கேட்பேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 கெடு. அங்கே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்தவர்களுக்கு ஏடிஎச்டி மருந்து எழுதப்படுவது 41 சதவீதம் அதிகம். அதே வகுப்பில் ஏறக்குறைய ஒரு வயது சின்னவர்கள், அவ்வளவுதான். இரண்டரை வயதிலேயே ப்ரீகேஜியில் சேர்த்துவிடும் நம் ஊரில் இதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ரத்தசோகை, கண் பார்வை, சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஒருவகை வலிப்பு, வீட்டில் நடக்கும் சண்டை, இவையெல்லாமும் கவனக் குறைவாகத்தான் தெரியும்.

எல்லாம் பார்த்தபின் ஏடிஎச்டிதான் என்றாலும், ஆறு வயதுக்குள் என்றால் முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது, அருகில் போய் முகம் பார்த்துச் சொல்வது, செய்த அந்த நிமிடமே பாராட்டுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். "பையை எடுத்து வை, கை கழுவு, சாப்பிட வா" என்று சமையலறையிலிருந்தே கத்திப் பழகியவர்களுக்கு இது வரச் சில வாரம் பிடிக்கும். பள்ளியில் முன் பெஞ்சு, நடுவில் எழுந்து நடக்க ஒரு சாக்கு. கரும்பலகையை அழிக்கிற வேலை கொடுத்தால்கூடப் போதும்.

மருத்துவரிடம் போகும்போது டைரியோடு இன்னொன்றும் கொண்டுபோங்கள். பிள்ளை தூங்கும்போது மூச்சுவிடும் சத்தம் கேட்கும்படி போனில் இரண்டு நிமிட வீடியோ.