மலை ஏறும் காற்று: ஊட்டியில் குளிர், மேகம், உறைபனி எல்லாம் எப்படி வருகின்றன

மே மாதம் வந்துவிட்டால் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் கொளத்தூரிலும் ஊட்டிப் பேச்சு தொடங்கிவிடும். ராத்திரி சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிகாலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ்ஸோ மலை ரயிலோ, மதியத்துக்குள் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும். மதியம் 37 டிகிரியில் வெந்துகொண்டிருந்தவர்கள் மறுநாள் அதே நேரத்தில் 22 டிகிரியில் நிற்கிறார்கள். இத்தனைக்கும் ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது நம்மைவிடச் சூரியனுக்கு இரண்டு கிலோமீட்டர் பக்கத்தில். அப்படியென்றால் ஏன் குளிர்கிறது?

சூரியனுக்கும் நமக்கும் 15 கோடி கிலோமீட்டர் தூரம் இருக்கும்போது இரண்டு கிலோமீட்டர் கணக்கிலேயே வராது. அது போகட்டும், முக்கியமான விஷயம் வேறு. வெயில் காற்றை நேரடியாகப் பெரிதாகச் சூடாக்குவதில்லை. அது காற்றைத் தாண்டி வந்து தரையைச் சூடாக்குகிறது, தரைதான் தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே போகும். போகப் போக அதன்மேல் இருக்கும் அழுத்தம் குறைவதால் அது விரிகிறது, விரிவதற்குத் தன்னிடம் இருக்கும் வெப்பத்தையே செலவழிக்கிறது, அதனால் குளிர்கிறது. சைக்கிள் டியூபில் காற்றை வால்வ் வழியாக வேகமாக இறக்கும்போது விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். விரியும் காற்று குளிரும் என்பது இதுதான்.

சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும். 2,240 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் பதினான்கரை டிகிரி வருகிறது. சென்னையின் மே மாத 37-இல் இதைக் கழித்தால் 22 சொச்சம், ஊட்டியின் மே மாதப் பகல் வெப்பம் கிட்டத்தட்ட அதுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஊட்டியிலும் தரை இருக்கிறதே, அதுவும் வெயிலில் சூடாகிறதே, அந்தத் தரை அங்குள்ள காற்றைச் சூடாக்காதா? சூடாக்கும். ஆனால் மலை என்பது பரந்த காற்றுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நிலம்தான். அதே உயரத்தில் சுற்றிலும் இருக்கும் குளிர்ந்த காற்று ஓயாமல் வீசி வந்து கலந்துவிடுவதால் சூடு தங்குவதில்லை. மேலே காற்று மெலிந்தும் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழுத்தம்தான் ஊட்டியில். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டுவதற்குள் வெடித்துவிடும் போல உப்பி நிற்பதும், கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்துக்கொள்வதும், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவதும் எல்லாம் இந்த ஒரே காரணத்தால்தான். இன்னொன்றும் உண்டு. மெலிந்த காற்று புற ஊதாக் கதிர்களையும் குறைவாகவே தடுக்கும், ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் அது கூடுகிறது. குளிர்கிறதே என்று தொப்பி இல்லாமல் படகு இல்லத்தில் பாதி நாள் உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் பிள்ளைகளின் மூக்கும் கன்னமும் சிவந்து எரியும்.

இதுவரை சொன்னது குளிர். காற்று தானாக ஏறாமல் மலை அதை வலுக்கட்டாயமாக ஏற்றும்போதுதான் மேகமும் மழையும் வருகின்றன. ஜூன் மாதம் அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் தென்மேற்குக் காற்று கேரளத்தைத் தாண்டி நீலகிரியின் மேற்குச் சரிவில் வந்து முட்டுகிறது. பக்கவாட்டில் போக முடிந்த அளவு போகும், மீதி ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தை வைத்துக்கொள்ள முடியாது, அது துளிகளாக மாறிக் கொட்டும். தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி, மேல்பவானி எல்லாம் இந்த முகப்பில் இருக்கும் ஊர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னையின் ஒரு வருட மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கும் மேல் 24 மணி நேரத்தில்!

ஈரத்தைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும் காற்று மறுபக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் கூடி, சுருங்கி, சூடாகி, வறண்டுவிடுகிறது. கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக மசினகுடிக்குப் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். கூடலூர் பக்கம் தேயிலையும் அடர்ந்த பச்சையுமாக இருக்கும், கொஞ்ச தூரத்தில் இலையுதிர் காடாகிவிடும், மசினகுடி வந்தால் முள்ளும் புதரும். இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே உயரம், நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. யானையும் மானும் முதுமலையில் எளிதாகக் கண்ணில் படுவதற்குக் காடு இப்படித் திறந்து கிடப்பதும் ஒரு காரணம்.

கிழக்குச் சரிவின் கதை வேறு. கோத்தகிரியும் குன்னூரும் நம்மைப் போலவே வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்க்கும் ஊர்கள். எண்ணூரையும் காசிமேட்டையும் நனைக்கும் அதே வங்கக் கடல் காற்றுதான் உள்ளே போய் அந்தச் சரிவிலும் ஏறுகிறது. 2009 நவம்பரில் இப்படிக் கொட்டிய மழையில் நீலகிரியில் பல இடங்களில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தச் சரிவுகளில் வீடுகளும் சாலைகளும் எந்த அளவுக்குப் பெருகலாம் என்பதை இந்த நினைப்போடுதான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், காட்சி முனைகளுக்குக் காலையிலேயே போய்விடுங்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்று சரிவு வழியாக மேலே ஏறத் தொடங்கும், பள்ளத்தாக்கின் ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வரும், பதினொன்று பன்னிரண்டு மணிக்கு அது மேகமாகிவிடும். டால்பின் நோஸிலோ 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவிலோ மதியம் நின்று 'ஒரே பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை' என்று திரும்புகிறவர்கள் நின்றது அந்த மேகத்துக்கு உள்ளேதான்.

ஜனவரியில் போகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்கலாம். மேகம் இல்லாத, காற்று அசையாத ராத்திரிகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். சென்னையில் அப்படி நடக்கவிடாமல் ஈரக் காற்று அந்த வெப்பத்தை வாங்கிப் பெரும்பகுதியைக் கீழேயே திருப்பி அனுப்பும், பக்கத்தில் கடலும் வெதுவெதுப்பாக இருக்கிறது, அதனால்தான் மே மாதம் ராத்திரி 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே பெரும்பாடு. ஊட்டியின் மெலிந்த, வறண்ட குளிர்காலக் காற்றால் அப்படித் தடுக்க முடியாது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் மேட்டைவிடப் பள்ளம் அதிகமாகக் குளிரும். தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாக இருக்க, மேலே குன்றின்மேல் இருக்கும் வீட்டுத் தோட்டத்தில் ஒன்றுமே இருக்காது. குனிந்து ஒரு புல்லைப் பாருங்கள். ஓரங்களில்தான் முதலில் படியும், சின்னச் சின்ன ஊசிகளாக நிற்கும், விரல் பட்டதும் நீராகிவிடும். ஆள் உயரத்தில் இருக்கும் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

இந்த உறைபனிதான் நீலகிரியின் உண்மையான அழகான சோலையையும் புல்வெளியையும் வரைந்திருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் பைன் காட்டிலும் ஏரியிலும் தேயிலைத் தோட்டத்திலும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஏரி 19-ஆம் நூற்றாண்டில் உண்டாக்கியது, பைனும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மலை தானாக வளர்த்தது என்றால், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலை என்ற குட்டைக் காடும் மேட்டையெல்லாம் மூடிய புல்லும்தான். தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்தது இந்தப் புல்லில்தான். காட்டுக்கும் புல்லுக்கும் நடுவில் இருக்கும் கோடு கத்தியால் வெட்டியது போலத் துல்லியமாக இருக்கும். திறந்த புல்லில் விழுந்து முளைக்கும் சோலை மரக்கன்றை உறைபனி கருக்கிவிடுகிறது, தப்பியதைக் கோடையில் புல் தீ முடிக்கிறது. காட்டுக்குள் விழுந்த கன்றுக்கு மேலே கூரையாக இலைகள் இருப்பதால் அங்கே பனி இறங்காது. அதனால் காடு காட்டுக்குள்ளேயே வளர்கிறது, புல் புல்லாகவே நிற்கிறது. பனி, தீ இரண்டையும் தாங்கித் தனியாகப் புல்லுக்கு நடுவே நிற்கும் மரம் ரோடோடென்ட்ரான் ஒன்றுதான் என்று சொல்லலாம், பட்டை அவ்வளவு தடிப்பு, பூ நல்ல சிவப்பு.

சோலைக்குள் போனால் வெளிச்சம் சட்டென்று குறையும், கால் மெத்தென்று உள்ளே போகும். அது மண் இல்லை, பல வருட இலை. மேலே பாசி மூடிய கிளைகள், தளிர்கள் பச்சையாக இல்லாமல் செக்கச் சிவப்பாக இருக்கும். இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து அந்தச் சிவப்பு நிறமி காக்கிறது. மேகம் காட்டுக்குள் புகுந்து நகரும்போது இலையும் பாசியும் அதன் நுண்துளிகளைப் பிடித்துச் சொட்ட வைக்கின்றன, மழை பெய்யாத நாளிலும் காட்டுக்குள் சொட்டுச் சத்தம் கேட்பது அதனால்தான். மழை வந்தால் அது நேராக மண்ணை அடிக்காமல் இலைகளில் பட்டு, மக்கிய இலைக்குள் இறங்கி, மெதுவாக ஊறி, மாதக்கணக்கில் கழித்து ஓடையாக வெளியே வரும். புல்லின் வேரும் இதே வேலையைச் செய்கிறது. மார்ச் மாதத்திலும் நீலகிரி ஓடைகளில் தண்ணீர் ஓடுவது பெரும்பாலும் இந்தச் சேமிப்பில்தான். புல்லை எடுத்துவிட்டு யூகலிப்டஸும் சீகையும் நட்ட இடங்களில் அந்த மரங்கள் நிறைய நீரை உறிஞ்சிவிடுவதால் ஓடை மெலிகிறது.

அந்த ஓடைகள் மேலே சமவெளி போன்ற மேட்டு நிலத்தில் அலுங்காமல் போய், விளிம்பு வந்ததும் செங்குத்தாக விழும்போது நமக்கு கேத்தரின் அருவியும் கல்லட்டி அருவியும் கிடைக்கின்றன. விளிம்பு அப்படிச் செங்குத்தாகவே நிற்பதற்குக் காரணம் பாறையின் கடினம். அது சார்னோகைட். இந்தப் பெயர் வந்ததில் நம் ஊருக்கும் பங்கு உண்டு, கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகைதான், அவர் பெயரைத்தான் பாறைக்கு வைத்தார்கள், அதே வகைப் பாறை பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளிலும் இருக்கிறது.

விழுந்த தண்ணீர் எங்கே போகிறது? பைக்காரா ஆறு கீழே மாயாறாகி, பவானியில் சேர்ந்து, பவானி கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. காவிரி நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது, அங்கிருந்து 2004 முதல் குழாயில் சென்னைக்கு. வடசென்னையில் நமக்குப் பெரும்பாலும் புழலும் காட்டுப்பள்ளி கடல்நீர் ஆலையும்தான் என்றாலும், நகரத்தின் தண்ணீர்க் கணக்கில் அந்தச் சோலை ஓடைகளுக்கும் இடம் இருக்கிறது.

சோலையை நிஜமாகவே பார்க்க வேண்டும் என்றால் ஊட்டிக்குப் பக்கத்தில் கெய்ர்ன் ஹில் இருக்கிறது, கோத்தகிரியில் லாங்வுட் சோலை இருக்கிறது, இந்தச் சோலையின் ஊற்றுகள் சுற்றியுள்ள கிராமங்களுக்கே குடிநீர் தருகின்றன. உள்ளே போக வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கு வண்டியில் போவதற்கு இ-பாஸும் கேட்கிறார்கள், கிளம்புவதற்கு முன் அதையும் பார்த்துக்கொள்வது நல்லது. மழைக்காலம் என்றால் பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு போங்கள், அட்டை ஏறும்.