நியூரோட்டிசிசம்: தளர்ந்தது நரம்பு அல்ல

சர்க்கரை நோயாளிகளின் குணம், அவர்கள் நோயைச் சமாளிக்கும் விதம் என்று தமிழில் எதை எழுதினாலும், 'நியூரோட்டிசிசம்' என்ற உளவியல் சொல் வரும் இடத்தில் 'நரம்புத் தளர்ச்சி' என்று போட்டுவிடுகிறார்கள். நாகர்கோவில் பக்கம் ஒரு முகாமில் கொடுத்த கேள்வித்தாளிலும் அதே சொல். பொறுத்தது போதும்.

பிறப்பு சின்னக் கதைதான். கிரேக்கத்தில் 'நியூரான்' என்றால் தசைநாண், கயிறு. நமக்கும் யாழின் தந்தி நரம்புதானே. 1769இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் 'நியூரோசிஸ்' என்ற சொல்லை உருவாக்கியபோது கோளாறு நரம்பில்தான் என்று நினைத்தார். பிறகு உளவியலில் ஐசங்க் போன்றவர்கள் அதிலிருந்து 'நியூரோட்டிசிசம்' என்று ஒரு குணத்தின் அளவை உண்டாக்கினார்கள். நரம்பு பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைய பொருள்: சட்டென்று கவலையும் எரிச்சலும் அழுகையும் வந்துவிடுகிற இயல்பு. அது நோயே அல்ல, கூடவோ குறையவோ எல்லாரிடமும் உண்டு.

சர்க்கரைக்காரரிடம் போய் 'உமக்கு நரம்புத் தளர்ச்சி அதிகம்' என்றால் என்ன ஆகும்? அவருக்கு நிஜமாகவே நரம்பு கெடலாம். செருப்பு நழுவிப் போனது தெரியாமல் தக்கலைச் சந்தையில் பாதி தூரம் நடந்துவிடுவார். ராத்திரி பாதம் எரியும். அது நியூரோபதி, காலைப் பார்க்க வேண்டிய விஷயம். போதாக்குறைக்கு, சுவரொட்டி வைத்தியர்கள் 'நரம்புத் தளர்ச்சி'யை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அந்தக் கேள்விக்கு எந்த ஆண் உண்மையான பதில் எழுதுவார்?

'நரம்பியம்' என்றொரு தனித்தமிழ் ஆக்கமும் உலவுகிறது. தூய்மை சரி, பொருள்? நரம்பு அதிலும் போகவில்லையே.

எங்கள் ஊரில் இதற்குச் சொல் இருக்கிறது: வெப்ராளம். சர்க்கரை மீட்டரில் 220 கண்டதும் மகனுக்கும் மருமகளுக்கும் மாறி மாறி போன் போட்டு, அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கைத் தொடாமல் பட்டினி கிடக்கும் அம்மைக்கு இருப்பது அதுதான். அதே வெப்ராளத்தில் இன்னொருவர் மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனைக்கே போகாமல் ஒளிவார். இந்த இரண்டையும்தான் சமாளிப்பு முறைகள் என்று ஆய்வாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். மலையாளத்திலும் உள்ள சொல் என்று புலவர்கள் முகம் சுளிப்பார்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த குமரி மாவட்டம், வேறெப்படிப் பேசும்? வேண்டாம் என்றால் 'பதறும் இயல்பு' என்று எழுதுங்கள், திருச்சிக்காரருக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்கள் வேரைப் பார்க்கிறார்கள், வாசிக்கப் போகிறவரைப் பார்ப்பதில்லை. அந்த முகாம் கேள்வித்தாளில் 'கான்ஷியன்ஷியஸ்னெஸ்' என்பதற்கு 'மனசாட்சி' என்று வேறு போட்டிருந்தது. கருத்தாக, ஒழுங்காகச் செய்யும் குணம் அது. மாத்திரை போட மறந்த மனிதரை மனசாட்சி இல்லாதவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.