வாக்காளர் பதிவுக்குச் சத்தியக்கடதாசி வேண்டுமா?

"வோட்டர் லிஸ்டில பேர் போட சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) முடிக்கணுமாமே?" திருகோணமலையில் சட்டத்தரணியாக இருக்கும் எனக்கு வருடாவருடம் வரும் கேள்வி இது. வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டத்தின் கீழ் பெயரைப் பதிய நீங்கள் எவர் முன்னும் சத்தியம் செய்யத் தேவையில்லை. இலங்கைப் பிரஜையாகவும் 18 வயது நிறைந்தவராகவும் அந்த முகவரியில் சாதாரணமாக வசிப்பவராகவும் இருக்க வேண்டும். இதைப் பார்க்கும் திகதி முன்பு ஜூன் 1. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெப்ரவரி 1. அதன்பின் 18 நிறைகிற பிள்ளைகளைச் சேர்க்கக் குறைநிரப்பு இடாப்பு (கூடுதல் வாக்காளர் பட்டியல்) உண்டு.

வீட்டிலுள்ள வாக்காளர்களின் விபரத்தை எழுதக் கிராம உத்தியோகத்தர் தரும் பி.சி. படிவத்தில் குடும்பத் தலைவர் வைக்கும் கையொப்பமே பிரகடனம். நீதவான் முன்னால் வைக்காத ஒப்பம்தானே என்று நினைக்க வேண்டாம். தெரிந்துகொண்டு பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். லண்டனில் குடியேறிவிட்ட மகனை வீட்டில் இருப்பதாக எழுதுகிறார்கள். கோபத்தில் மருமகளின் பெயரை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பொறுக்காது. அந்தப் பெண்ணுக்குத் தேர்தல் நேரத்தில்தான் விஷயமே தெரியவரும்.

இன்னொரு பயமும் இருக்கிறது: "நாட்டைப் பிரிக்க மாட்டன் எண்டு எழுதிக் குடுக்கணுமா?" அது அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம், 1983இல் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று அது கொண்டுவந்த ஏழாம் அட்டவணைச் சத்தியத்தை நாடாளுமன்ற உறுப்பினர்களும் வேட்பாளர்களும் அரச உத்தியோகத்தர்களும் எங்களைப் போன்ற சட்டத்தரணிகளும் செய்ய வேண்டும். 1977இல் திருகோணமலை தெரிவுசெய்த இரா. சம்பந்தன், அந்தச் சத்தியத்தைச் செய்ய மறுத்துச் சபையைப் பகிஷ்கரித்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்களில் ஒருவராக 1983இல் ஆசனத்தை இழந்தார். அந்த நினைவு இந்த ஊரில் இன்னும் இருப்பதால் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாக்காளரிடம் சட்டம் அந்தச் சத்தியத்தைக் கேட்கவில்லை.

சத்தியக்கடதாசி உண்மையிலேயே தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்றால் இருவரும் ஒருவரே என்று காட்டக் கேட்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

சம்பூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். கொமினிகேஷன் கடையில் அடித்த கடதாசியை நீட்டி, "பிள்ளை, இதில ஒரு சைன் வைச்சுத் தாங்க" என்றார். இரண்டாம் பந்தியில், "பிறந்தது முதல் மேற்படி முகவரியில் தொடர்ச்சியாக வசித்து வருகிறேன்" என்று இருந்தது. "அம்மா, 2006இல எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். இடம்பெயர்ந்து, பிறகு கிளிவெட்டி முகாமில் பல வருடம் இருந்ததாகச் சொன்னார். அந்த வசனம் அவருடையதே அல்ல, கடையின் கணினியில் கிடந்த பழைய மாதிரி. அதில் அவர் ஒப்பமிட்டிருந்தால், யாரும் கேட்காத ஒரு பொய்யைச் சத்தியத்தோடு சொன்னவராகியிருப்பார். நாளைக்குக் காணி வழக்கில் எதிர்த்தரப்பு அதையே எடுத்துப் பிடிக்கும். இடம்பெயர்ந்ததையும் திரும்பி வந்ததையும் உள்ளபடியே எழுதி வேறொன்று அடித்தோம்.

கடதாசியின் அடியில், "வாசித்து விளங்கப்படுத்தப்பட்டு, என் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். ஆகவே சமாதான நீதவானோ சத்தியப்பிரமாண ஆணையாளரோ வாசித்துக் காட்டிய பிறகே, அவர் கண்முன்னால் ஒப்பமிட வேண்டும். ஏற்கெனவே முத்திரை குத்திய வெற்றுத் தாளை யார் தந்தாலும் வாங்காதீர்கள். "எங்கட மார்க்கத்தில மனிசர் முன்னால சத்தியம் செய்றது சரியில்ல" என்று கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் தயங்குவார்கள். 1895ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் சத்தியம் செய்யாமல் உறுதியுரை செய்யலாம். மனச்சாட்சி இடம்கொடுக்காத வேறெவருக்கும் அந்த வழி உண்டு. சட்டத்தின் முன் இரண்டுக்கும் ஒரே பெறுமதி.

படிவம் சிங்களத்தில் வந்தால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. நிரப்பியதைக் கொடுக்குமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இடாப்புத் திருத்தங்கள் காட்சிக்கு வரும்போது கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் பாருங்கள். விடுபட்டிருந்தால் குறித்த காலத்துக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.