குனூகேஷ் அறிக்கையின் தோற்றம் எங்கிருந்து வருகிறது?

திருகோணமலையில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல உழைப்பு. மாரி தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், அறைகள் வெறுமையாகிவிடும். அப்படி ஒருவர் வரவு செலவை குனூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருளில் எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1998இல் வெளிவந்த இந்த இலவச மென்பொருள் கணக்கில் கெட்டிதான். ஆனால் அது தரும் அறிக்கையை வங்கியில் நீட்டக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவு வெறுமை.

கணக்கில் ஒரு சதமும் பிசகாமல் அந்தத் தோற்றத்தை மாற்றலாம். அறிக்கை மூன்று அடுக்குகளால் ஆனது. அடியில் இருக்கும் கணக்குக் கோப்பில் திகதி, தொகை, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு என்ற விபரங்கள் இருக்கின்றன; அழகு எதுவும் இல்லை. அதன் மேல், ஸ்கீம் என்ற நிரல் மொழியில் எழுதிய ஒரு நிரல். அது கோப்பைப் படித்து, கூட்டிக் கழித்து, விடையை எச்டிஎம்எல் பக்கமாக எழுதுகிறது. ஆம், நீங்கள் பார்ப்பது ஓர் இணையப்பக்கம்தான். மென்பொருளுக்குள் பதுங்கியிருக்கும் உலாவிப் பொறி அதைக் காட்டுகிறது. எழுத்துரு, நிறம், கட்ட இடைவெளி எல்லாம் மூன்றாவது அடுக்கான பாணித்தாளின் (Style Sheet) பொறுப்பு.

பலர் தடுமாறுவது இங்கேதான். எந்த மாதங்கள், எந்தக் கணக்குகள், உபகணக்குகள் எத்தனை படி என்பதைப் பாணித்தாளில் தேடினால் கிடைக்காது. அவை நிரலுக்குச் சொல்ல வேண்டியவை, அந்தந்த அறிக்கையின் விருப்பங்களில் இருக்கும். நிறத்துக்கும் எழுத்துக்கும் மட்டும் தொகு (Edit) பட்டியலில் புதிய பாணித்தாள் ஒன்றை உருவாக்குங்கள். அப்போது டெக்னிகலர் என்ற வார்ப்புருவைத் தெரிவு செய்தால் விடுதியின் சின்னத்தையும் சேர்க்கலாம். அப்புறம் அறிக்கையின் பொது விருப்பங்களில் அந்தப் பெயரைத் தெரிவு செய்தால் சரி. பிறகு தாளில் நிறத்தை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் எல்லா அறிக்கைகளும் மாறும்.

கணக்குகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் எழுத்துருவைக் கவனிக்க வேண்டும். தெரிவு செய்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாவிட்டால் கணினி வேறொன்றிலிருந்து கடன் வாங்கும். அதனால் எண்கள் ஓர் அளவிலும் எழுத்துகள் இன்னோர் அளவிலும் நிற்கும்.

பாணித்தாளும் சேமித்த அறிக்கை அமைப்பும் கணக்குக் கோப்பில் சேமிக்கப்படுவதில்லை. உங்கள் கணினியில் உங்கள் பயனர் கோப்புறையில் தனியாக இருக்கின்றன. கணக்குக் கோப்பை மட்டும் பென்டிரைவில் கொண்டுபோய் வேறு கணினியில் திறந்தால் பழைய வெறுமைதான் தெரியும். வங்கிக்குக் கொடுப்பதென்றால் உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் எடுத்துவிடுங்கள்.